வைட்டெல்லோஜெனின் (பூச்சிகளில்)

பூச்சி முட்டையின் மஞ்சள் கருவுக்கு மூலப் புரதம். இது உருவாகும் இடம் முட்டையன்று. கல்லீரலைப் போலப் பணிபுரியும் கொழுப்புத் திசு. அங்கிருந்து குருதிநீரில் கலந்து சூலகத்தை அடைகிறது. வளரும் முட்டை அதை ஏற்பிகள் வழியே உள்ளிழுத்து வைட்டெல்லினாகச் சேமிக்கிறது. 1969-இல் பான், பெல், டெல்ஃபர் ஆகியோர் இப்பெயரைச் சூட்டினர்.

இதன் உற்பத்தியை ஆள்பவை ஹார்மோன்கள். இரத்தமுறிஞ்சும் ரோட்னியஸ் பூச்சியில், மூளைக்குப் பின்னுள்ள கார்ப்பஸ் அல்லாட்டம் சுரப்பியின்றி முட்டை முதிராது என 1930-களிலேயே விக்கில்ஸ்வொர்த் காட்டினார். அச்சுரப்பி தருவது இளமை ஹார்மோன். வெட்டுக்கிளியிலும் கரப்பானிலும் இதுவே முதன்மைத் தூண்டி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முறை இன்னும் நுட்பமானது. முதிர்ந்து வெளிவந்த சில நாள்களில் இளமை ஹார்மோன் கொழுப்புத் திசுவை ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் உற்பத்தி தொடங்குவதில்லை. இரத்தம் குடித்த பிறகே மூளை சுரக்கும் பெப்டைடுகள் சூலகத்தைத் தூண்ட, அது எக்டைசோனை வெளியிடுகிறது. தோலுரிப்பை நடத்திய அதே ஹார்மோன்தான்! அது 20-ஹைட்ராக்சிஎக்டைசோனாக மாறி, இரத்தத்தில் கிடைத்த அமினோ அமிலங்களின் சமிக்ஞையோடு சேர்ந்து இப்புரதத்தின் மரபணுவை இயக்குகிறது. சுமார் 24 மணி நேரத்தில் உற்பத்தி உச்சமடைந்து, பின்னர் விரைவாக அடங்குகிறது.

தேனீயில் நிலைமை தலைகீழ்: முட்டையிடாத இளம் வேலைக்காரத் தேனீயிலும் இப்புரதம் நிறைந்திருக்கும், இளமை ஹார்மோன் ஏற, இது குறையும்.