கத்தியில்லாத வைத்தியத்துக்குப் பாடத்திட்டம் வந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"ஆஞ்சியோ பண்ணாங்க", "ஸ்டென்ட் வச்சாங்க" என்ற பேச்சு இன்று எல்லா வீட்டிலும் உண்டு. தொடையிலோ மணிக்கட்டிலோ ஒரு சின்னத் துளை. அதன் வழியே மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அடைத்த ரத்தக் குழாயைத் திறக்கலாம். ரத்தம் கசியும் குழாயை அடைக்கலாம். ஈரலில் உள்ள கட்டிக்கு நேராக மருந்தைக் கொண்டு சேர்க்கலாம். இந்தத் துறைக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று பெயர். ஆனால் இதயத்துக்கு மட்டும் இதே வேலையை இதய மருத்துவர்கள் செய்கிறார்கள். ஏன் அப்படி? இந்த வேலையை ஒரு டாக்டருக்கு எத்தனை வருடம் கற்றுக்கொடுக்கிறார்கள்? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்ல. பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்கள்.

1929. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரின் மருத்துவமனை. வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், கையிலுள்ள சிரை வழியாக இதயம் வரை குழாயைச் செலுத்த முடியும் என்றார். மேலே இருந்தவர் அனுமதி தரவில்லை. ஃபோர்ஸ்மான் தன் கையிலேயே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாயின் நுனி இதயத்தில் இருப்பதைப் படமாக எடுத்தார். அன்று கிடைத்தது ஏச்சு. 1956இல் கிடைத்தது நோபல் பரிசு, வேறு இருவருடன் சேர்த்து. அதற்குள் அவர் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரக அறுவை மருத்துவராகியிருந்தார்.

அடுத்தவர் ஸ்வீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் கதிரியல் பயின்றுகொண்டிருந்தார். அப்போதெல்லாம் தமனிக்குள் குழாயை விட வேண்டுமானால், சதையைக் கீறித் தமனியை வெளியே எடுக்க வேண்டும். அல்லது குழாயே நுழையும் அளவு தடித்த ஊசியால் குத்த வேண்டும். செல்டிங்கர் வரிசையை மாற்றினார். மெல்லிய ஊசியால் குத்து. ஊசிக்குள் ஒரு கம்பியை விடு. ஊசியை உருவிவிடு. கம்பியின் மேலேயே குழாயைச் சறுக்கி உள்ளே அனுப்பு. பிறகு கம்பியையும் உருவிவிடு. அவ்வளவுதான்! 1953இல் இதை வெளியிட்டார். இன்றும் ஐ.சி.யூ.வில் கழுத்துச் சிரையில் குழாய் போடுவது இந்த முறையில்தான். டாக்டர் பட்டத்துக்கு இந்த ஒரு விஷயம் போதாது என்றார் அவருடைய தலைவர். செல்டிங்கர் பித்தநாளப் படம் பற்றி வேறு ஆய்வு செய்து பட்டம் வாங்கினார்!

இதுவரை குழாய் என்பது படம் எடுக்கும் கருவி. அதை வைத்தியம் செய்யும் கருவியாக மாற்றியவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் டாட்டர். ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட். 1964 ஜனவரி 16. 82 வயதுப் பாட்டி ஒருவருக்குக் கால் ரத்தக் குழாய் சுருங்கி, பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், பாட்டி சம்மதிக்கவில்லை. டாட்டர் கம்பியைச் செலுத்தி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதான குழாய்களை அனுப்பி, சுருங்கிய இடத்தை விரித்தார். பாதம் சூடானது. அதன் பிறகு வாழ்ந்த காலம் முழுக்க அந்தப் பாட்டி சொந்தக் காலில் நடந்தார். இந்த முறையை டாட்டருடன் சேர்ந்து எழுதி வெளியிட்ட மெல்வின் ஜட்கின்ஸ், அவரிடம் பயிற்சியில் இருந்தவர்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. நோயாளியை டாட்டரிடம் அனுப்பும்போதே, 'படம் மட்டும் எடுங்கள், சரிசெய்யப் பார்க்காதீர்கள்' என்ற பொருளில் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. அங்கே இந்தச் சிகிச்சைக்கே 'டாட்டரிங்' என்று பெயர் விழுந்தது. அதைக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பலூன் வைத்த குழாய் செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். அடுத்த வருடமே, தான் செய்வதை மற்ற டாக்டர்கள் நேரலையில் பார்த்துக் கற்க வகுப்புகள் தொடங்கினார். வந்தவர்கள் இதய மருத்துவர்கள். கொஞ்ச காலத்தில் அந்த வேலை முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

கதிரியல் துறையில் பிறந்த வேலை ஏன் கைமாறியது? நோயாளி இதய மருத்துவருடையவர் என்பதுதான் முக்கியக் காரணம். நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவரை முதலில் பார்த்தவர் அவர். வார்டில் பார்த்தவரும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தவரும் அவரே. கதிரியல் மருத்துவருக்கு நோயாளியைத் தெரிந்தது அந்த ஒரு மணி நேரம்தான். டாட்டர் 1968லேயே எச்சரித்திருந்தார்: நோயாளியின் முழுப் பொறுப்பையும் ஏற்காவிட்டால், நாம் அதிகக் கூலி வாங்கும் குழாய் ரிப்பேர்காரர்களாகி, இந்த இடத்தையும் இழப்போம் என்ற கருத்தில். அதற்கு முந்தைய வருடம் இத்துறைக்குப் பெயர் சூட்டிய அலெக்சாண்டர் மார்குலிஸும், கைத்திறன் மட்டும் போதாது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்கத் தெரிய வேண்டும் என்றே எழுதினார்.

சொல்லியாயிற்று. பாடத்திட்டம் எப்போது வந்தது? ஆரம்பத்தில் குருவின் பக்கத்தில் நின்று பார்ப்பதே படிப்பு. பிறகு கதிரியல் படித்து முடித்தவர்களுக்கு ஒரு வருட ஃபெலோஷிப். 1994இல் அமெரிக்காவில் அது உட்பிரிவாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் நாலைந்து வருடம் இருட்டறையில் படம் வாசித்தவர், கடைசி ஒரு வருடத்தில் ஊசி பிடிக்கவும் வேண்டும், நோயாளியைப் பார்க்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? 2012 செப்டம்பரில்தான் இதைத் தனி முதன்மைத் துறையாக ஏற்றார்கள். பள்ளி முடித்து நேரே வருவதல்ல. மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு ஆறு வருடம்: முதல் வருடம் வார்டில் பொது மருத்துவமோ அறுவை மருத்துவமோ, மூன்று வருடம் படம் வாசிப்பு, கடைசி இரண்டு வருடம் இந்த வேலை, ஐ.சி.யூ. பயிற்சியும் சேர்த்து. புறநோயாளிகளைப் பார்ப்பதும் இப்போது பாடம். பழைய ஒரு வருட ஃபெலோஷிப் 2020உடன் முடிந்தது. நம் நாட்டில் எம்.டி. ரேடியாலஜிக்கு மேல் டி.எம். என்று மூன்று வருடப் படிப்பு இருக்கிறது.

டாட்டரின் எச்சரிக்கைக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் நடுவே 44 வருடம். டாட்டர், ஜட்கின்ஸ், குருன்ட்சிக் மூவருமே 1985இல், ஒரே வருடத்தில் இறந்துபோனார்கள். மூவரும் அதைப் பார்க்கவில்லை.

கைவேலையைச் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடலாம். பொறுப்பைக் கற்றுக்கொடுக்கத்தான் வருடங்கள் தேவை. தச்சுப்பட்டறையானாலும் வகுப்பறையானாலும் இதுதான் நிலைமை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு சிகிச்சை என்றால், எவ்வளவு செலவாகும் என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "செய்த பிறகு வந்து பார்க்கப்போகிற டாக்டர் யார்?" தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

இந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள், டாக்டர் நண்பர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.