தொடக்ககால லினக்சு இசையியக்கிகளில் தமிழ்ப் பெயர்கள்: குறியேற்ற வரலாற்று நோக்கு

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, இணையப் பக்கம் ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. பாடற்கோப்புகளுக்குள் பொதிந்துள்ள பெயர்க்குறிப்புகள் அதில் அரிதாகவே பேசப்படுகின்றன. அப்பெயர்கள் திரையில் சிதைந்து தோன்றியமைக்கு ‘லினக்சில் தமிழ் வராது’ என்பதே எளிய விடையாகக் கூறப்பட்டு வந்தது. இவ்விடை எந்த அளவு பொருந்தும் என்பதை எக்ஸ்எம்எம்எஸ் என்னும் இசையியக்கியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மிக்கேல் ஆல்ம், பீட்டர் ஆல்ம் ஆகியோர் 1997இல் எக்ஸ்11ஆம்ப் என்ற பெயரில் தொடங்கிய இம்மென்பொருள், 1999இல் எக்ஸ்எம்எம்எஸ் எனப் பெயர் மாறியது. விண்டோசின் வின்ஆம்ப்பை ஒத்த தோற்றம் உடையது. இதில் பயனர் முதலில் எதிர்கொண்ட இடர் ஒலியே வராமை. அக்கால ஒலியட்டைகள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு செயலியே ஒலிக்கருவியைத் திறக்க இயலும். மேசைச்சூழலின் ஒலிவழங்கி அதனை முன்னரே பிடித்திருந்தால் இயக்கி ஊமையாகிவிடும். ஒலிவழங்கியை நிறுத்துவதோ, அதன்வழியே ஒலியை அனுப்புமாறு இயக்கியின் அமைப்பை மாற்றுவதோ தீர்வாயிற்று. 2002 செப்டம்பரில் வெளிவந்த ரெட் ஹாட் லினக்சு 8.0, காப்புரிமைச் சிக்கல் கருதி எம்.பி.3 ஆதரவை நீக்கிவிட்டு, அதற்குரிய செருகி இருந்த இடத்தில் நீக்கத்தைத் தெரிவிக்கும் அறிவிப்பொன்றை வைத்தது. வேண்டியவர்கள் செருகியைப் பிறவிடத்திலிருந்து பெற்று நிறுவிக்கொண்டனர். இவை வெளிப்படையான பிழைகள். ஒலி இல்லை என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பெயர்க்குறிப்பில் நேர்ந்த பிழைகள் அத்தன்மையன அல்ல.

எரிக் கெம்ப் 1996இல் வகுத்த ஐடி3 முதற்பதிப்பு, எம்.பி.3 கோப்பின் இறுதி 128 பைட்டுகளில் பாடல், கலைஞர், தொகுப்பு ஆகிய மூன்று பெயர்களுக்கும் தலா 30 பைட்டு இடம் அளித்தது. ஆங்கிலத்திற்கு இது 30 எழுத்து. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும் ஆதலால், தமிழுக்கு 10 குறியெண்களே கிட்டும். ஒரு திருவிழா ஒலிப்பதிவுக்குத் ‘திண்டுக்கல்’ என்று மட்டும் பெயரிடுவதாகக் கொள்வோம். இச்சொல்லில் 11 குறியெண்கள் உள்ளன. அதாவது 33 பைட்டு. ஊர்ப்பெயர் ஒன்றுக்கே இடம் போதவில்லை. முப்பதாம் பைட்டில் வெட்டினால் இறுதிப் புள்ளி நீங்கித் ‘திண்டுக்கல’ என நிற்கும். முப்பது மூன்றால் வகுபடும் எண் என்பதால் வெட்டு எழுத்தின் நடுவே விழுவதில்லை. குப்பைக்குறி எதுவும் தோன்றாது. படிப்பவர் இதனைத் தட்டச்சுப்பிழை என்றே கருதுவார். நீளவரம்பை 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு தளர்த்தியது. ஆயினும் முதற்பதிப்பும் உடன் எழுதப்படுவது நெடுநாள் தொடர்ந்தது.

தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் குழுவழி உருவாக்கிய திஸ்கி குறியேற்றத்தில் இதே சொல் 7 பைட்டில் அடங்கும். மெய்யெழுத்துகளும் உகர உயிர்மெய்களும் அதில் தனிக்குறிகளாக உள்ளன. மேலும், திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கிறது. யூனிகோடோ ‘கெ’ என்பதில் ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் சேமிக்கிறது. திரையில் இடம்மாற்றிக் காட்டுவது வரைவு நூலகத்தின் பணி. எக்ஸ்எம்எம்எஸ் சார்ந்திருந்த ஜிடிகே முதற்பதிப்புக்கு அத்திறன் இல்லை. அதன் முதன்மைச் சாளரமோ இயல்பாகத் தோலுடன் வந்த படவெழுத்துகளையே பயன்படுத்தியது. அவற்றுள் தமிழ் இல்லை. விருப்பத்தேர்வுகளில் எக்ஸ் எழுத்துருவுக்கு மாறித் திஸ்கி எழுத்துரு ஒன்றைத் தெரிவுசெய்தால் திஸ்கிப் பெயர்கள் ஒழுங்காகத் தெரியும். யூனிகோடுப் பெயர்கள் சிதையும். பழைய முறை வென்று புதிய முறை தோற்ற இடம் இது.

இக்குறைபாட்டை லினக்சு முழுமைக்கும் ஏற்றிக் கூறுவது பொருந்தாது. கேடீஈ மேசைச்சூழலின் அடித்தளமான க்யூட்டியில் திஸ்கி மாற்றி இடம்பெற்றிருந்தது. அதனை எழுதியவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர். 2002இல் வெளிவந்த ஜிடிகே 2.0, பாங்கோ நூலகத்தின் வழியே இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டியது. எக்ஸ்எம்எம்எஸ் இறுதிவரை அதற்கு மாறவில்லை. அதிலிருந்து கிளைத்த பீப் மீடியா பிளேயரே மாறியது. ஆக, ஒரே கணினியில் கோப்புறையின் பெயர் செம்மையாகவும் அதனுள் இருந்த பாடலின் பெயர் சிதைந்தும் தோன்றக்கூடிய நிலை இருந்தது.

தமிழக அரசு 2010 சூனில் யூனிகோடைத் தரமாக ஏற்றது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே போஸ் லினக்சு திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் மாணவர்களைச் சென்றடைந்தது. அதற்குள் பழைய கோப்புகள் பல கைகள் மாறியிருந்தன. திஸ்கிப் பைட்டுகளை இலத்தீன் எழுத்தெனக் கருதி யூனிகோடுக்கு மாற்றிய பெயர்கள் வெறும் குப்பைபோல் தோன்றினும், அம்மாற்றத்தைத் திருப்பிச் செய்தால் மீள்கின்றன. மின்னாவணத் தொகுப்பாளர்கள் அவற்றை அழித்துவிட்டுப் புதுப்பெயர் இடுவது சரியன்று. மூலப் பைட்டுகளையும் உடன் பேணுதல் வேண்டும். வெட்டுண்ட புள்ளியையோ வினாக்குறியாக மாறிய எழுத்தையோ மீட்க வழியில்லை.

அக்காலப் பாடற்கோப்புகளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அமைந்தமையை ஆங்கில மோகம் என்று மட்டும் கொள்வது குறையுடையது. ஆங்கில எழுத்தில் திண்டுக்கல்லுக்கு 8 பைட்டே போதும். எந்த இயக்கியிலும் அது சிதையாது. ஆனால் அவ்வடிவில் ணகரமா நகரமா, லகரமா ளகரமா என்பது கோப்பில் இல்லை; ஊரை அறிந்தவரின் நினைவில் மட்டுமே உள்ளது.