மறைத்த கையும் விளக்கும் குரலும்: பந்துவீச்சாளர் வர்ணனையாளர் ஆகும்போது

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் வர்ணனைக்கு வந்தால், அவருடைய சாதனைப் பட்டியலே அவர் பேச்சுக்கு மதிப்பைத் தேடித் தரும் என்பது பொதுவான எண்ணம். பந்துவீச்சாளர்களிடம் இது செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மட்டையாளரை ஏமாற்றுவது பந்துவீச்சாளரின் தொழில். அந்த ஏமாற்று நடந்த விதத்தை ஊரறியச் சொல்வது வர்ணனையாளரின் தொழில். முன்னதில் மறைத்ததைப் பின்னதில் அவிழ்க்க வேண்டியிருப்பதால், எடுத்த விக்கெட்டுகளின் எண்ணிக்கை இங்கே உதவுவதில்லை.

முதல் சான்று சென்னையின் லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன். 1983இல் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டு இறுதியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இன்னிங்ஸுக்கு ஆறாக 12 விக்கெட் வீழ்த்தினார். 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். 20 வயது நிரம்பிச் சில நாள்களே ஆகியிருந்தன. மொத்தக் கணக்கு 9 டெஸ்ட், 26 விக்கெட், சராசரி 44.03. 2000 நவம்பரில் வங்கதேசத்தின் முதல் டெஸ்டுக்காக டாக்காவில் ஒலிவாங்கியைப் பிடித்தார். டெஸ்ட் களத்தில் மூன்றாண்டுகூட நீடிக்காதவர் வர்ணனையில் அதைப்போலப் பல மடங்கு காலம் நிலைத்தார். பட்டியல்தான் தகுதி என்றால் இது நடந்திருக்காது.

அவரிடம் இருந்த மூலதனம் என்ன? 1985 மார்ச் 10 அன்று மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தைப் பார்க்கலாம். 48 ஓட்டங்களில் இருந்த பாகிஸ்தானின் ஜாவேத் மியாண்டட் கிரீஸை விட்டு இறங்கி வருகிறார். பந்து அவரைக் கடந்து திரும்புகிறது. விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் பெயில்ஸைத் தட்டிவிடுகிறார். ஸ்கோர் அட்டையில் அது ஒரு ஸ்டம்பிங். பார்வையாளருக்கு அது மட்டையாளரின் அவசரம். மணிக்கட்டால் பந்தைத் திருப்பியவருக்கோ, அந்த அவசரமே வரவழைக்கப்பட்ட ஒன்று. எந்த உயரத்தில் தூக்கினால் இறங்கி ஆடத் தோன்றும், எவ்வளவு முன்னதாக விழுந்தால் எட்டாது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இந்தக் கணக்கு ஒருவருக்குப் பிடிபட ஒன்பது டெஸ்ட் போதும்; தொண்ணூறு தேவையில்லை.

அமெரிக்க பேஸ்பாலில் இதற்கு இணை டிஸ்ஸி டீன். 1934இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 30 வெற்றிகள் பெற்ற பிட்சர் (பந்தெறிபவர்) அவர். 1937 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் கால் விரல் முறிந்தது. வலியைத் தவிர்க்க எறியும் முறையை மாற்றியதில் கையும் கெட்டது. 1941இல் வானொலிக்கு வந்தார். அவருடைய நாட்டுப்புறப் பேச்சு பிள்ளைகளின் இலக்கணத்தைக் கெடுக்கிறது என்று மிசூரி ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். நேயர்களோ அவரை விடவில்லை. எறிந்தவர் தம் வாய்மொழியிலேயே விளக்கியதுதான் அவருடைய பலம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மறைப்பதும் விளக்குவதும் எதிரெதிர் என்றால், ஆடிக்கொண்டிருக்கும்போதே யூடியூபில் பேசிய ரவிச்சந்திரன் அஸ்வினை என்ன சொல்வது? 2020 டிசம்பரில் மெல்போர்னில் அவர் வீசிய பந்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் ஓட்டமின்றி லெக் திசையில் நின்ற புஜாராவிடம் கேட்ச் கொடுத்தார். ஆஃப் திசையில் ஓட்டங்களை அடைத்து, லெக் திசையில் ஆள் நிறுத்தும் அந்தத் தொடரின் உத்தி, பிறகு அஸ்வினின் சேனலிலேயே பேசப்பட்டது. ஆனால் அது வெளிவந்தது தொடர் முடிந்த பிறகே. அதோடு, உத்தி தெரிவதும் பந்தை ஆடத் தெரிவதும் வேறு வேறு. 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் அவர் ஓய்வுபெற்றார். பேசியதால் அவர் பந்து மழுங்கிவிட்டது என்று சொல்ல இடமில்லை. எனவே இந்த மறுப்பு வாதத்தைத் திருத்துகிறதே தவிர வீழ்த்தவில்லை. எதை எப்போது வெளியிடுவது என்ற நிதானமும் இக்கலையில் சேர்த்தி.

அஸ்வினின் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. சிவராமகிருஷ்ணன் பெயர் பெற்றது ஆங்கில வர்ணனையில். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கிய பிறகு தமிழ் வர்ணனைக்குத் தனி அலைவரிசை கிடைத்தது. கேட்பவர் யார் என்பதும் மாறியது. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டு நெய்பவரை எடுத்துக்கொள்வோம். கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். காது ஒன்றுதான் ஆட்டத்துக்கு. “மணிக்கட்டைப் பாருங்கள்” என்று மறு ஒளிபரப்பைக் காட்டிப் பேசும் வர்ணனை அவருக்குப் பயன்படாது. “பந்தைக் கொஞ்சம் மெதுவா விட்டாரு, அதான் மட்டை முந்திடுச்சு” என்று காரணத்தைச் சொல்லும் வர்ணனை தறியை நிறுத்தாமலே அவரைச் சென்றடையும்.

திரையைப் பார்க்காதவருக்கும் பந்து விளங்குகிறதா என்பதையே பந்துவீச்சாளர்-வர்ணனையாளரை மதிப்பிடும் சோதனையாகக் கொள்ளலாம். அப்படிக் கொண்டால், வர்ணனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள் சர்வதேசப் புகழை மட்டும் பார்ப்பதைவிட, ரஞ்சியோடு நின்றுபோன, சொல்லத் தெரிந்த பந்துவீச்சாளர்களையும் தேட வேண்டியிருக்கும்.