திருமெய்யக் கோட்டை: கல்லும் சொல்லும்

அரண்களை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நால்வகையாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. மதிலை வளைத்தல், காத்தல் ஆகிய இரண்டையும் தொல்காப்பியர் உழிஞைத் திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, காத்தலை நொச்சி எனத் தனித் திணையாக்கிற்று. நூலில் பயின்ற இவ்விலக்கணத்தைக் கண்ணாற் காண விழைவார்க்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வாய்த்த இடம் திருமயம் மலைக்கோட்டையாகும்.

இம்மாவட்டத்தின் கீழெல்லையில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய கடற்றுறைகள் உள்ளன. ஜெகதாப்பட்டினத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்ட நாம், நெய்தல் மணலைக் கடந்து, கண்மாய்களும் செம்மண் மேடுகளும் நிறைந்த உள்நாட்டை அடைந்தோம். பழைய புதுக்கோட்டைத் தனியரசுக்குக் கடற்கரை இல்லை. 1948-இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான பின்னரே இக்கடலும் அம்மலையும் ஒரே ஆட்சிப் பிரிவுக்குள் வந்தன. இன்றைய எல்லையைக் கொண்டு பழைய வரலாற்றை அளத்தல் கூடாது என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

மலையின் பழம்பெயர் திருமெய்யம். திருமங்கையாழ்வார் பாசுரங்களில் இடம்பெற்ற தலம் இது. மெய்யம் என்பதே வழக்கில் மயம் எனத் திரிந்தது. வடமொழியாளர் அதனைச் சத்தியகிரி என வழங்கினர். மலையடிவாரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைக் கோயில்கள் உள்ளன. இவை கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. இவ்விரு கோயிலார்க்கும் இடையே நெடுநாள் நிகழ்ந்த வழக்கு, 1245-இல் போசளப் படைத்தலைவன் அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டால் அறிகிறோம்.

கோட்டையோ மிகப் பிற்பட்டது. கிழவன் சேதுபதி என்று வழங்கப்பெறும் இரகுநாத சேதுபதியின் ஆட்சிக்காலத்தில், 1687-ஆம் ஆண்டில் இது கட்டப்பெற்றதென்பர். ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் இருந்தன என்பது மரபு. அவற்றுள் பல இன்று இல்லை. அகழியின் பகுதிகளும், உள்மதிலும், கொத்தளங்களும் எஞ்சி நிற்கின்றன. தெற்கு வாயிலில் அனுமன், கணபதி, கருப்பர் ஆகிய காவல் தெய்வங்களைக் காணலாம். வடபுறத்துக் கோட்டைப் பைரவரை வழிப்போவார் இன்றும் வணங்கிச் செல்கின்றனர். மலைச்சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த சிறு அறையொன்றில் இலிங்கம் உள்ளது. உச்சியில் பீரங்கி ஒன்று வானை நோக்கி நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கோட்டை சேதுபதிகளிடமிருந்து தொண்டைமான்கள் கைக்கு மாறியது. 1730-களில் தஞ்சை மராத்தியப் படை புதுக்கோட்டை நாட்டினுள் புகுந்தபோது, தொண்டைமானுக்குப் புகலிடமாக நின்றது இதுவே. நொச்சித் திணைக்குரிய செயல் இங்கே நிகழ்ந்தது எனலாம்.

ஆயினும் ஊர்மக்கள் இதனைச் சேதுபதி கோட்டை என்றோ தொண்டைமான் கோட்டை என்றோ அழைப்பதில்லை. ஊமையன் கோட்டை என்றே அழைக்கின்றனர். ஊமையன் என்பான் வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. அவன் இங்கே அடைபட்டிருந்தான் என்பது செவிவழிச் செய்தி. ஆவணங்கள் வலியுறுத்துவன வேறு. 1799-இல் புதுக்கோட்டைக் காட்டுப்பகுதியில் பிடிபட்ட கட்டபொம்மன் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1801 பிப்ரவரியில் தப்பி, மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டு, அவ்வாண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டான்.

அங்ஙனமாயின் ஊர்வழக்கைப் பொய்யென ஒதுக்கிவிடலாமா? அது பொருந்தாது. எந்த நாட்டரசின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தனரோ, அந்நாட்டு மக்களே அவன் தம்பியின் பெயரைத் தம் பெருங்கோட்டைக்கு இட்டு வழங்குகின்றனர். அரசன் செய்ததற்குக் குடிகள் தம் நாவால் எழுதிய மறுப்புரையாக இதனைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. ஊமையன் இங்கே இருந்தானா என்பது ஒரு வினா. மக்கள் அவனை இங்கே இருத்த விரும்பியது ஏன் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு ஆவணம் விடை கூறும். பின்னதற்கு வழக்காறே சான்றாகும்.

இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிதைந்த மதில்கள் பழுது பார்க்கப்பட்டுள்ளன. படிகளும் நடைபாதையும் செப்பமாக உள்ளன. இப்பணி போற்றுதற்குரியது. எனினும் பழுது பார்த்தலில் ஓர் இடர் உண்டு. அதற்கு இம்மலையே எச்சரிக்கை தருகிறது. சிவன் குடைவரையில், குடுமியான்மலை இசைக் கல்வெட்டோடு தொடர்புடைய பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தார் தம் கல்வெட்டைப் பொறிப்பதற்காக அதனைச் சிதைத்தனர். எஞ்சியவை சில துண்டுகளே. அவர்கள் பகைவர் அல்லர். தம் காலத்துச் செய்தியை நிலைபெறச் செய்ய விரும்பியவர்களே. நல்லெண்ணமும் பழமையை அழிக்கவல்லது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆகவே, எக்கல் பழையது, எக்கல் புதியது என்பது காண்பார்க்கு விளங்குமாறு குறிப்புப் பலகைகள் அமைதல் வேண்டும். அதனினும் விரைந்து செய்யவேண்டியது ஒன்றுண்டு. மதில் நூறாண்டு காத்திருக்கும். ஊமையன் கதையைச் சொல்லும் முதியோர் காத்திரார். நம் துறை மாணவர்கள் திருமயத்தைச் சூழ்ந்த ஊர்களிலும், ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்றுறைகளிலும் சென்று அவ்வழக்குகளைச் சொல் மாறாது தொகுத்தல் வேண்டும். மதிலைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் கடனாகும்.