ராஜா இல்லாத மலை

கூட்டேரிப்பட்டில் வளர்ந்தவங்களுக்கு மலைன்னா முதலில் மயிலம் முருகன் குன்றுதான். செஞ்சி மலைகளை நான் பள்ளிச் சுற்றுலாவில்தான் பார்த்தேன். பஸ் ஜன்னல் வழியே, யாரோ லாரி லாரியாக உருண்டைக் கற்களைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

யாரும் கொட்டவில்லை. அந்தப் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி ஆண்டு. மண்ணுக்கு அடியில் இருந்தபோதே வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகளை அரித்து உருட்டியது. பிறகு மேல்மண் கரைந்துபோக, உருண்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மிஞ்சின.

செஞ்சியின் வரலாறு இந்தப் பாறையில்தான் தொடங்குகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் இணைத்தார்கள். மிச்சக் காவலைப் பாறை பார்த்துக்கொண்டது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1692 கடைசியில் மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து தானியம் வரும் வழியை அடைத்தது. முற்றுகை போட்டவர்களே பசி தாங்காமல் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கோட்டை விழ 1698 ஆகிவிட்டது.

அந்தக் குதிரைப்படைத் தலைவர்களில் ஒருவர் சந்தாஜி கோர்படே. மராத்தியில் 'கோர்பட்' என்றால் உடும்பு. உடும்பில் கயிறு கட்டி மதில் ஏறிய முன்னோரால் வந்த குடும்பப் பெயர் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, ராஜகிரிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிஜ உடும்பு பாறை இடுக்குக்குள் நழுவியபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது கோட்டையில் குடியிருப்பது இவைதான். காரைப் புதருக்குள் கீரி, கல் மண்டபத்தில் குரங்குக் கூட்டம், சாயங்காலம் அகவும் மயில். கொம்பன் ஆந்தைக்கு முட்டையிடக் கூடுகூட வேண்டாம்; பாறைத் திட்டு ஒன்று போதும். பார்க்க மொட்டைப் பாறை மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு இடுக்கும் ஒரு வீடு.

2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி மட்டும்தான். சந்தோஷம்தான். ஆனா ஊர் திரும்பி, நாற்கரச் சாலை ஓரம் டீ குடிக்க நின்றபோது ஜல்லி லாரிகள் வரிசையாகப் போயின. இந்த மாவட்டத்துக் கல்குவாரிகளில் உடைபடுவதும் பாறைதான். அங்கேயும் உடும்பு இருந்திருக்கும், ஆந்தை முட்டையிட்டிருக்கும். எந்த ராஜாவும் அதன்மேல் ஏறி ஒளியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.