ஏழை வீட்டின் படம்: போர்த்துகீசியக் காட்சிப் பண்பாட்டில் ஒரு சமூக வரலாறு, 1938–2019

சர்வாதிகாரி சலாசார் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றுப் பத்தாண்டு நிறைந்ததையொட்டி, 1938இல் போர்த்துகல் பள்ளிக்கூடங்களுக்கு 'சலாசாரின் பாடம்' என்ற தலைப்பில் ஏழு சுவரொட்டிகள் அனுப்பப்பட்டன. முதல் ஆறும் பழைய சீர்கேட்டையும் புதிய ஒழுங்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவை: பாழான சாலை, செப்பனிட்ட சாலை என்ற வகையில். கடைசிச் சுவரொட்டியில் மட்டும் ஒப்பீடு கிடையாது. ஓவியர் மார்த்தின்ஸ் பராத்தா வரைந்த அந்தப் படத்தில் இருப்பது ஒரு குடியானவன் வீட்டின் உள்பக்கம். மண்வெட்டியோடு அப்பா வேலை முடிந்து வாசலில் நுழைகிறார். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். மகள் விளையாட்டுச் சாமானோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அரசின் இளைஞர் படைச் சீருடையில் மகன் நிற்கிறான். மேசையில் ரொட்டியும் ஒயினும். ஒரு பக்கம் சிலுவை, வெளியே தூரத்தில் கொடி பறக்கும் கோட்டை. மின்விளக்கையோ தண்ணீர்க் குழாயையோ எவ்வளவு தேடினாலும் காண முடியாது. 'கடவுள், தாய்நாடு, குடும்பம்: தேசியக் கல்வியின் மும்மை' என்பது அதன் வாசகம்.

இந்த வீட்டுக்கு 'முன்பு' என்றும் 'பின்பு' என்றும் ஒன்று இல்லை என்பதுதான் சுவரொட்டி சொல்ல வந்த சேதி. சாலை மாறலாம், துறைமுகம் மாறலாம். ஏழையின் வீடு மட்டும் மாறத் தேவையில்லை. அடுத்த எண்பது ஆண்டுப் போர்த்துகீசிய ஒளிப்படமும் திரைப்படமும் இந்த வீட்டை எப்படித் திறந்தன, இடித்தன, திரும்பக் கட்டின என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அரசாங்க ஆவணங்களில் கிடைக்காத ஒரு சமூக வரலாறு கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அத்தகைய நாட்டில் படத்துக்கு இருந்த கனம் சட்டத்துக்குக்கூட இருந்திருக்காது. ஆனால் படத்தைச் சான்றாக எடுப்பவர், அதில் என்ன தெரிகிறது என்பதோடு, அந்த வீட்டுக்குள் கேமராவை யார், எந்த உரிமையில் கொண்டுபோனார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

1933இல் தொடங்கிய பிரச்சாரச் செயலகத்தின் தலைவர் அந்தோனியோ ஃபெர்ரோ நவீன ஓவியத்தையும் இலக்கியத்தையும் அறிந்தவர். 1938இல் 'மிகமிகப் போர்த்துகீசிய கிராமம்' எது என்று ஒரு போட்டி வைத்து, பாறைகளுக்கு நடுவே கிடந்த மொன்சாந்தோ ஊருக்குப் பரிசு கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு நகரத்து நகைச்சுவைப் படங்களைக் கண்டால் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், அவர் வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவை அந்தப் படங்களே. 1942இல் வந்த 'ஓ பாத்தியு தஷ் கந்தீகஷ்' ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக் குடித்தனம் நடத்தும் லிஸ்பன்வாசிகளின் கதை. சண்டை, காதல், பாட்டு, திருவிழா எல்லாம் அந்த முற்றத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. வாடகை பாக்கி சிரிப்புக்கு உதவுமே தவிர, கோபத்துக்கு இடமில்லை. பராத்தாவின் குடிசைக்கும் இந்த முற்றத்துக்கும் தொனியில்தான் வித்தியாசம்.

இந்தச் சித்திரத்தில் முதல் விரிசலை உண்டாக்கியவர்கள் கட்டடக் கலைஞர்கள். 1955இல் தொடங்கி அவர்களுடைய சங்கத்தின் குழுக்கள் நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் வீடுகளைப் படமெடுத்தன, அளந்து வரைந்தன. தேசியப் பாணி ஒன்று அகப்படும் என்ற நம்பிக்கையில் அரசும் ஆதரவு தந்தது. 1961இல் நூலாக வந்தபோது அதிலிருந்து கிடைத்தது நேர்மாறான முடிவு: வடக்கே கருங்கல் வீடு, தெற்கே சுண்ணாம்பு பூசிய மண்வீடு என்று இடத்துக்கு இடம் வேறுபாடுதான் தெரிந்தது, 'போர்த்துகீசிய வீடு' என்று ஒன்று கிடையாது. அந்த ஒளிப்படங்களில் அழகும் உண்டு, வறுமையும் உண்டு. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்ததே அன்றைக்குப் பெரிய காரியம்.

சினிமாவில் அந்த மாற்றம் 1963இல் பவுலோ ரோஷாவின் 'உஷ் வெர்தெஷ் ஆனுஷ்' படத்தோடு வந்தது. கிராமத்துப் பையன் ஜூலியோ லிஸ்பனில் மாமாவிடம் செருப்புத் தொழில் பழக வருகிறான். பட்டறை இருப்பது புத்தம்புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்குக் கீழே. அவன் காதலிக்கும் இல்டா மேலே ஒரு வீட்டில் வேலைக்காரி. முதலாளியம்மா இல்லாத வேளையில் அவனை வீட்டுக்குள் அழைத்துக் காட்டுகிறாள், அந்த அம்மாளின் உடைகளைப் போட்டுப் பார்க்கிறாள். நகரத்தைக் கட்டியவர்களுக்கும் துடைப்பவர்களுக்கும் அதில் இடம் எங்கே என்பதை ரோஷா வசனத்தில் எழுதவில்லை, மாடிப்படிகளை வைத்தே சொல்லிவிட்டார். கதை கொலையில் முடிகிறது. தணிக்கை கடுமையாக இருந்த காலத்தில் இது அரசியல் படமாகத் தோன்றவில்லை. இன்று பார்க்கையில், கிராமம் காலியாகத் தொடங்கிய கதையை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆவணம் குறைவு.

ஏனென்றால் ஜூலியோவைப் போன்றவர்களில் பெரும்பாலோர் லிஸ்பனோடு நிற்கவில்லை. 1961இல் அங்கோலாவில் காலனியப் போர் மூண்டது. கட்டாய ராணுவச் சேவைக்கும் வறுமைக்கும் தப்பி, எல்லை தாண்டி லட்சக்கணக்கானோர் பிரான்சுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி திருட்டுத்தனமாகத்தான். அந்தப் பயணத்துக்கென்றே ஒரு படப் பழக்கம் உருவானது. கிளம்புகிறவர் தன் ஒளிப்படத்தை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி வீட்டில் இருக்கும், மறு பாதி அவர் சட்டைப்பையில் போகும். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாதியை வீட்டுக்கு அனுப்புவார். இரண்டும் பொருந்தினால், ஆள் பத்திரம் என்று அர்த்தம். அதன் பிறகே எல்லை தாண்ட உதவிய வழிகாட்டிக்கு மீதிப் பணம். எழுத்து தெரியாதவர்களும் படிக்கக்கூடிய ரசீது அது. ஜோசே வியெய்ரா எடுத்த ஆவணப்படத்துக்குக் 'கிழிந்த ஒளிப்படம்' என்றே பெயர் வைத்தார். அவரே சிறுவனாகப் பிரான்சுக்குப் போய்த் தகரக்குடிசையில் வளர்ந்தவர். பாரிசுக்கு அருகே ஷம்ப்பீஞியில் சேற்றுக்கு நடுவே எழுந்த போர்த்துகீசியக் குடிசைப்பகுதியை ஜெரால்ட் புளோன்கூர் எடுத்த படங்களில் பார்க்கலாம். சலாசாரின் சுவரொட்டியில் வீடு திரும்பிய அப்பா, இந்தப் படங்களில் வீட்டை விட்டுப் போனவராகிறார்.

1974 ஏப்ரல் 25இல் ராணுவ அதிகாரிகளின் புரட்சி 48 ஆண்டு சர்வாதிகாரத்தை முடித்தது. அடுத்த ஒன்றரை ஆண்டு, கேமரா கிடைத்தவர்கள் எல்லாம் தெருவில் இருந்தார்கள். அவர்கள் எடுத்தவற்றில் இன்றளவும் ஆய்வாளரை விடாத படம் தாமஸ் ஹார்லனின் 'தோர்ரெ பெலா'. (நாஜிகளுக்காகப் படமெடுத்த ஃபைட் ஹார்லனின் மகன் இவர், அப்பாவின் சினிமாவுக்கு ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்.) அசம்பூஜா வட்டாரத்தில் லஃபோயிஷ் பிரபுவுக்குச் சொந்தமான மதில் சூழ்ந்த பெரும்பண்ணையை 1975இல் வேலையற்ற விவசாயக் கூலிகள் ஆக்கிரமித்ததை அது காட்டுகிறது. அரண்மனைக்குள் நுழைந்தவர்கள் அலமாரிகளைத் திறக்கிறார்கள், உடைகளை எடுத்து மேலே வைத்துப் பார்க்கிறார்கள். இல்டா திருட்டுத்தனமாகச் செய்ததை இவர்கள் ஊரறியச் செய்கிறார்கள்.

ஆனால் படத்தின் உயிர் இன்னொரு காட்சியில் இருக்கிறது. கூட்டுறவுப் பண்ணைக்குக் கருவிகளைச் சேர்க்கிறார்கள். ஒரு தொழிலாளி தன் மண்வெட்டியைக் கொடுக்கத் தயங்குகிறார். அதற்கு ஒரு விலை போட்டு, இனி அது எல்லாருக்கும் பொது, உனக்கும் சேர்த்துத்தான் என்று இன்னொருவர் விளக்குகிறார். இவருக்கு மனம் ஒப்பவில்லை. இன்றைக்கு மண்வெட்டி என்பீர்கள், நாளைக்கு நான் போட்டிருக்கும் துணியும் பொது என்பீர்கள், நான் அம்மணமாக நிற்க வேண்டியதுதானா என்கிற ரீதியில் வாதாடுகிறார். சிரிப்பு வரும். ஆனால் நிலச் சீர்திருத்தம் பற்றிய எந்தச் சட்ட நகலிலும் இந்த அச்சம் பதிவாகவில்லை. சுவரொட்டியில் ஓர் அலங்காரமாக இருந்த மண்வெட்டிக்கு இங்கே சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்கு வாயும் இருக்கிறது.

இதை அப்படியே உண்மைப் பதிவாகக் கொள்வதற்கும் இல்லை. ஜோசே ஃபிலிப் கொஸ்தா 2011இல் எடுத்த 'லிஞ்ஞா வெர்மெல்யா', ஹார்லனின் குழு நடந்ததைப் படம் பிடித்ததா, நடக்கவும் தூண்டியதா என்று கேட்டது. நியாயமான கேள்வி. என் பார்வையில், கேமரா இருந்ததால் மக்கள் துணிந்து பேசினார்கள் என்றால், அதுவும் 1975இன் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

நகரங்களில் அதே வேளையில் குடிசைவாசிகள் வீடு கேட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்கள். நூனோ போர்தாஷ் வீட்டுவசதித் துறையில் இருந்தபோது 1974இல் தொடங்கிய 'சால்' திட்டம் கட்டடக் கலைஞர்களைக் குடியிருப்போர் சங்கங்களோடு உட்காரவைத்தது. போர்த்தோ நகரத்தில் ஆல்வரோ சீசாவின் பௌசா குடியிருப்பு அதில் பிறந்தது. தெற்கே மெய்யா பிராயாவில் மீனவர்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டியதை 1976இல் படமாக்கியவர் அந்தோனியோ த குன்யா தெலேஷ். ரோஷாவின் படத்தைத் தயாரித்தவரும் அவரே. திட்டம் அதே 1976இல் முடக்கப்பட்டது. பௌசாவின் எஞ்சிய பகுதி 2006இல்தான் முழுமை பெற்றது.

அதற்குள் குடிசைகளில் வேறு மனிதர்கள் வந்துவிட்டார்கள். கேப் வெர்தே தீவுகளிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் லிஸ்பன் விளிம்பில் ஃபொந்தைஞ்ஞாஷ் போன்ற குடியிருப்புகளைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். பெத்ரோ கொஸ்தா 1997இல் 'ஓசுஷ்' படத்தை அங்கே எடுத்தபோது, இரவுப் படப்பிடிப்பின் விளக்குகள் விடியலில் வேலைக்கு எழ வேண்டியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தன. அடுத்த படத்துக்கு அவர் அந்தத் தளவாடங்களையெல்லாம் விட்டுவிட்டு, சிறிய டிஜிட்டல் கேமராவோடு வந்தா துவார்த்தே என்ற பெண்ணின் அறையில் போய் உட்கார்ந்தார். 2000இல் வந்த அந்தப் படத்தில், வந்தா இருமிக்கொண்டும் போதைப்பொருள் புகைத்துக்கொண்டும் பேசும்போதே வெளியே இயந்திரங்கள் குடியிருப்பை இடிக்கும் ஓசை கேட்கிறது. போதைப்பொருள் காட்சிகள் இவ்வளவு நீளமாக இருந்திருக்க வேண்டுமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் இடிபட்ட குடிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் நகராட்சிக் கோப்பில் அந்த அறையின் பச்சைச் சுவர் இருக்காது.

2006இல் வந்த பெத்ரோ கொஸ்தாவின் 'ஜுவென்தூட் எய்ங் மார்ஷா' படத்தில், ஃபொந்தைஞ்ஞாஷ்வாசி வென்தூராவுக்கு வெள்ளைவெளேரென்ற அரசு அடுக்குமாடி வீடு காட்டப்படுகிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை. இடையில் அவர் குல்பெங்கியான் அருங்காட்சியகத்தில் பழைய ஐரோப்பிய ஓவியங்களுக்கு நடுவே நிற்கிறார். கொத்தனாராக அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர் அவர். காவலர் வந்து மெல்ல அவரை வெளியேற்றி, அவர் நின்ற இடத்தைத் துணியால் துடைக்கிறார்.

பெத்ரோ கொஸ்தாவின் 'வித்தாலினா வரேலா' 2019இல் வந்தது. கணவனின் பயணச்சீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கேப் வெர்தேயில் காத்திருந்த பெண், அவர் அடக்கமாகி மூன்று நாள் கழித்து லிஸ்பன் வந்து சேர்கிறார். கணவர் வாழ்ந்த குடிசையின் தாழ்வான கூரை அவர் தலையில் இடிக்கிறது. இளமையில் ஊரில் இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டோடு இதை ஒப்பிட்டு, இறந்தவரிடம் கணக்குக் கேட்கிறார். நடிப்பது வித்தாலினா வரேலாவே, கதையும் அவருடையதே. லொகார்னோ விழாவில் படத்துக்குத் தங்கச் சிறுத்தையும் அவருக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. திரைக்கதை என்ற இடத்தில் பெத்ரோ கொஸ்தாவின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.