மொகல் தெருவும் பிரஜா உரிமையும்

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போகிறவர் கப்பல் ஏறுவதற்கு முன்பு, முதலாளி வீட்டில் நல்ல நாள் பார்த்துச் சம்பளச்சீட்டு எழுதிக்கொள்வது நகரத்தார் என்னும் செட்டியார்களின் பழைய சம்பிரதாயம். இன்ன விலாசத்தாரின், அதாவது இன்ன நிறுவனத்தாரின், கடைக்கு இன்னார் மூன்று வருஷத்திற்கு மேலாளாகப் போகிறார், அவருக்குச் சம்பளம் இவ்வளவு, அதில் முன்பணம் இவ்வளவு என்று தெளிவாக வரையறுத்துவிட்டு, அதனுடன் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் நிலம் எழுதிக்கொள்ளவும் முதலாளியின் ஸ்தானத்தில் நின்று கையொப்பமிட அதிகாரம் அளிக்கும் பவர் பத்திரமும் கொடுத்து அனுப்புவார்கள். கடல் கடந்து சென்று வாழ்வதை இவ்வளவு திட்டமாகவும் நிதானமாகவும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்த சமூகம் நம் நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகமே. அந்த ஒழுங்கின் சிறப்பையும், பின்னாளில் அந்த ஒழுங்கே அவர்களுக்குப் பாதகமாய் முடிந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பர்மாத் தமிழரின் சரித்திரம் விளங்கும்.

1826-இல் தெனாசரிம் கடற்கரை ஆங்கிலக் கம்பெனியாரின் வசமானதைத் தொடர்ந்து மோல்மேனிலும், 1852-இல் ரங்கூன் அவர்கள் கைக்கு வந்ததைத் தொடர்ந்து அந்நகரத்திலும் செட்டியார் கடைகள் தோன்றின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி முகத்துவாரத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையில் கிராக்கி பெருகவே, காடு வெட்டிக் கழனியாக்கிய பர்மிய உழவனுக்கு மாடும் விதையும் கூலியும் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் ஏற்றுமதி வணிகத்தோடு நின்றுகொண்டன. உழவன் வாசல்வரை சென்று கடன் கொடுக்கத் துணிந்தவர்கள் செட்டியார்கள். 1929-30-இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவில் ஜனநெருக்கமுள்ள எந்த இடத்திலும் ஒரு நாள் பயணத்தூரத்துக்குள் ஒரு செட்டியார் கடை இருந்தது என்று அக்காலத்தில் எழுதினார்கள்.

ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கிட்டங்கிகள் அந்த வாழ்க்கையின் இருதயம் போன்றவை. நீண்ட கூடத்தில் பாய் விரித்து, வரிசை வரிசையாகச் சாய்வான மூடியுள்ள மரப்பெட்டிகளை வைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு விலாசத்தின் மேலாள் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். பக்கத்தில் கணக்கெழுதும் அடுத்தாளும், ஏவலுக்கும் தொழில் பழகுவதற்கும் வந்த பெட்டியடிப் பையனும் இருப்பார்கள். சுவரோரத்தில் இரும்புப் பெட்டி. பகலில் வியாபாரம் நடந்த அதே பாயில் இரவில் படுக்கை. சமையற்காரர் ஆக்கிய ஊர்ச் சாப்பாடு பொதுவில். இலாபத்தில் ஒரு பங்கு மகமையாகத் தண்டாயுதபாணி கோயிலுக்கு. அந்தக் கோயிலிலேயே மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். சாமி சந்நிதியில் பேசி முடித்த விகிதத்தை எவரும் மீறுவதில்லை என்பதால், எந்தச் சர்க்கார் சட்டமும் இல்லாமலே அது சட்டம் போல் நடந்தது. அன்றாடக் கணக்கு குறிப்பில் ஏறி, குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போய், ஐந்தொகையாகத் திரண்டு, தபாலில் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் சென்று சேரும். மூன்று வருஷம் முடிந்தவுடன் புதிய மேலாள் வந்து, கடனாளிகளையும் பத்திரங்களையும் ஒன்றொன்றாகச் சரிபார்த்து ஒப்புக்கொள்வார்; பழையவர் ஊருக்குத் திரும்பி, ஓரிரு ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டு, வேறு சீட்டு எழுதி மறுபடியும் கப்பல் ஏறுவார்.

இவ்வளவு காலமும் மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். பர்மாத் தேக்கு தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் வந்து நின்ற அந்த மாளிகைகளில், வீட்டு ஆண்மகனை மூன்றாண்டுக்கு ஒருமுறை கண்ட பெண்களின் தனிமையை எந்தப் பேரேடும் பதிவு செய்யவில்லை. ஆச்சிமார்கள் அந்த ஆண்டுகளில் சீர்செனத்தியையும் நிலபுலத்தையும் வட்டி வரவையும் தாமே மேற்பார்த்து, பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் பேசி முடித்த திறமைக்கு, கடல் கடந்து ஈட்டிய செல்வத்தில் பாதிப் பெருமை உரியது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சட்டத்தின் பார்வையில் அக்காலத்துப் பர்மா அயல்நாடே அல்ல. அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறியவரிடம் பாஸ்போர்ட் கேட்டவர் இல்லை. அதோடு, 1898-ஆம் ஆண்டின் ‘பர்மா சட்டங்கள் சட்டம்’ விவாகம், வாரிசு, சமயநிலையங்கள் ஆகியவற்றில் இந்துவுக்கு இந்து தர்ம சாஸ்திரத்தையும், முஸ்லிமுக்கு அவர்கள் சட்டத்தையும், பௌத்தருக்குப் பௌத்த சட்டத்தையும் அனுசரிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆகவே தமிழன் எங்கே போனாலும் அவன் குலாசாரச் சட்டம் நிழலாகக் கூடவே போயிற்று. இதில் அவனுக்குப் பெரிய சௌகரியம் இருந்தது. ஆனால் அவனை நம்பி வாழ்ந்த பர்மியப் பெண்ணுக்கு அதுவே பெரிய அநியாயமாக முடிந்தது. ஜாதி வழக்கத்தின்படி செல்லாத விவாகம் என்று கோர்ட்டு கூறிவிட்டால், பல ஆண்டுகள் குடும்பம் நடத்தியவளுக்கு மனைவி என்ற பெயரும் இல்லை, அவள் குழந்தைகளுக்குச் சொத்தும் இல்லை. பௌத்தப் பெண்களின் விசேஷ விவாகம், வாரிசு பற்றிய சட்டம் 1939-இல்தான் பிறந்தது. அதை இந்தியருக்கு விரோதமான சட்டம் என்று அன்று சிலர் எதிர்த்தார்கள். நியாயம் அந்தப் பெண்களின் பக்கமே இருந்தது என்று எண்ணுகிறேன்.

1930-இல் உலக மந்தம் வந்து நெல்லின் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தபோது எல்லாம் மாறத் தொடங்கிற்று. கடனைத் திருப்பித் தர உழவனிடம் பணம் இல்லை. ஈட்டில் இருந்த நிலம் கடைகளின் பெயருக்கு மாறியது. 1930-இல் சுமார் 5,70,000 ஏக்கராக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கராகப் பெருகி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால் பங்கு நிலம் அவர்கள் வசமாயிற்று. நகரத்தார் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது புரளும் பணமே தவிர, வயற்காடு அல்ல. எனினும், தன் பாட்டன் காடழித்த நிலத்தில் குத்தகைக்காரனாக நிற்க நேர்ந்த பர்மியன், முதலாளியின் ஐந்தொகையில் நஷ்டம் எழுதியிருப்பதைப் படித்து ஆறுதலடைவான் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? 1931-ஆம் ஆண்டின் ஜனக்கணக்கின்படி ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1930-இலும் 1938-இலும் நடந்த கலவரங்களில் அடிபட்டு மாண்டவர்களில் பெரும்பாலோர் பத்திரமும் நிலமும் இல்லாத ஏழைக் கூலிகள்.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. ஒரே இரவில், இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் அயல்நாட்டில் இருப்பவர்களாகிவிட்டார்கள். குடியேற்றத்தைப் பற்றி ஆராய்ந்த பாக்ஸ்டரின் அறிக்கைக்குப் பின், 1941 ஜூலையில் வெளியான இந்தோ-பர்மா ஒப்பந்தம், பாஸ்போர்ட்டும் அநுமதிச்சீட்டும் இல்லாமல் இனி எவரும் உள்ளே வரக் கூடாது என்றது. மகாத்மா காந்தி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். வரி விஷயத்திலும் சங்கடம் முளைத்தது. 1939-இல் திருத்தப்பட்ட இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி, இந்தியாவில் வாசம் உள்ளவர் என்று கருதப்பட்டால் அயல்நாட்டு வருமானத்துக்கும் இங்கே வரி விதிக்கப்பட்டது. கூட்டுக் குடும்பமோ, அதன் நிர்வாகம் முழுவதும் வெளியிலேயே நடந்தாலன்றி இந்திய வாசமுள்ளதாகவே கொள்ளப்பட்டது. இலங்கையில் குடும்பத்தோடு வாழ்ந்து அங்கேயே தொழில் நடத்திய ஒருவர், கணக்காண்டில் 101 நாட்கள் இந்தியாவில் தங்க நேர்ந்ததை வைத்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. நிர்வாகம் முழுவதும் வெளியிலேயே நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, அதை அவர் நிறைவேற்றவில்லை என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. போன இடத்தில் அந்நியன், வந்த இடத்தில் வாசி என்ற நிலை இவ்வாறு சட்டப்படியே ஏற்பட்டுவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றி இங்கே விரிப்பதற்கில்லை. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது; கப்பலில் இடம் கிடைக்காத இலட்சக்கணக்கானோர் அரக்கான் மலைகளின் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள்; வாந்திபேதியிலும் மலைச்சுரத்திலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா அவ்வழியே நடந்து வந்து எழுதிவைத்த நூல் நமக்குக் கிடைத்திருப்பது பாக்கியம்.

யுத்தம் முடிந்து திரும்பிச் சென்றவர்களை வேறொரு பர்மா எதிர்கொண்டது. 1947-இல் வந்த சட்டம் அந்நியருக்கு நிலமும் வீடும் கைமாறுவதைத் தடுத்தது. 1948-இல் இயற்றிய நில தேசியமயச் சட்டம், உழாதவன் நிலத்தையும் 50 ஏக்கருக்கு மேற்பட்டதையும் எடுத்துக்கொண்டு, நிலவரியின் 12 மடங்கை நஷ்ட ஈடாகக் கூறிற்று. அந்த ஈடும் பெரும்பாலோர் கைக்கு வந்து சேரவில்லை. பிரஜா உரிமைக்கு மட்டும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்தவர், 1942 ஜனவரி முதல் தேதிக்கோ 1948 ஜனவரி 4-ஆம் தேதிக்கோ முந்திய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளேனும் பர்மாவில் வசித்து, அங்கேயே நிரந்தரமாக இருக்கக் கருதி, முறைப்படி மனுச் செய்துகொண்டால் பிரஜையாகலாம் என்று சுதந்திர பர்மாவின் அரசியல் சட்டம் சொல்லிற்று.

சம்பளச்சீட்டின் மூன்று வருஷக் கணக்கு இங்கேதான் இடறிற்று. மூன்றாண்டு வேலை, ஓரிரு ஆண்டு ஊர் வாசம், மறுபடி மூன்றாண்டு என்று போய்வந்தவருக்குப் பெரும்பாலும் பத்தில் ஆறோ ஏழோதான் தேறும். மோல்மேனில் ஒரு விலாசம் எழுபது எண்பது ஆண்டுகளாக விளங்கியிருக்கலாம். அந்தப் பெட்டியடியில் ஒருவர் மாறி ஒருவர் அமர்ந்த மேலாட்களில் எவரும் எட்டு ஆண்டு வசித்ததாக ருசுக் காட்ட முடியாது. முதலாளியோ பர்மாவை ஒருமுறைகூடப் பார்க்காதவராக இருக்கலாம். நிரந்தரமாக வசிக்கும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு, மனைவி மக்களை ஊரில் வைத்திருந்தவர் மனச்சாட்சிக்கு விரோதமின்றி என்ன பதில் சொல்ல முடியும்? தகுதியுள்ளவர்களிலும் பலர், இந்தியப் பிரஜா உரிமையை விட மனமின்றியும், படிவங்களின் சிக்கலில் சலித்தும், மனுச் செய்யாமலே காலம் கடத்தினார்கள். அவர்களுக்கு அந்நியர் பதிவுச் சான்று என்னும் சீட்டுக் கிடைத்தது. கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய அந்தச் சீட்டோடு, பிறந்த ஊரிலேயே அந்நியராக முதுமையடைந்தவர்கள் உண்டு.

1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் சர்க்கார் உடைமையாயின. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவையாயின. நகைக்கும் பணத்துக்கும் கடுமையான வரம்பு வைத்து அனுப்பப்பட்டவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கி, பர்மா பஜாரிலும் பர்மா காலனிகளிலும் பிழைப்புத் தேடினார்கள். தமிழ்நாட்டில் வேர் பிடிக்காத சிலர், தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர்வரை சென்று, எல்லை தாண்ட முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காளபரமேசுவரி கோயில் இருக்கிறது.

திரும்பி வராதவர்களில் பெரும்பாலோர் செட்டியார்கள் அல்லர். கூலிக்குப் போய், பின்பு முகத்துவாரக் கிராமங்களில் உழுது வாழத் தொடங்கிய தமிழர்கள் அவர்கள். மீளுவதற்கு ஊரில் மாளிகை இல்லாதவர்கள். 1982-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம், முதல் ஆங்கில-பர்மியப் போருக்கு முந்திய 1823-ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன்பே அந்நாட்டில் குடிகொண்ட இனத்தாரைப் பிறப்பால் பிரஜைகள் என்றும், மற்றவர்களில் தகுதியுள்ளோரைத் துணைப் பிரஜைகள், குடியேற்றப் பிரஜைகள் என்றும் வகுத்தது. ஆகவே, மூன்று நான்கு தலைமுறைகளாக அந்த மண்ணையே உழுதுவரும் குடும்பத்தில் பிறந்தவர்களும், பாட்டன் எப்போது வந்தான், தந்தை எந்தச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தான் என்பதற்குத் தஸ்தாவேஜுகளைத் தேட வேண்டியிருக்கிறது.